நிலம் இருந்தால் வீடு உண்டு

சிறு நகரங்களில் ஏழைகள் வீடு கட்டிக்கொள்ள இரண்டரை லட்சம் ரூபாய் தருகிறது அரசு. திட்டம் தயார், பணமும் தயார். வழிமறித்து நிற்பது ஒரு துண்டுக் காகிதம்.

வட இந்தியச் சிறு நகரம் ஒன்றின் நகராட்சி அலுவலகத்தில் வீட்டு வசதிப் பிரிவைக் கண்டுபிடிக்க யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக் உறையை நெஞ்சோடு அணைத்தபடி பெண்கள் எந்த மேஜைக்கு முன்னால் கூடி நிற்கிறார்களோ, அதுதான். உறைக்குள் குடும்பத்தில் உள்ள அத்தனை பேரின் ஆதார் அட்டைகள், ரேஷன் அட்டை, வங்கிப் பாஸ் புத்தகம், வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பாஸ்போர்ட் அளவு புகைப்படம் எல்லாம் இருக்கும். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் அவற்றையெல்லாம் மேலோட்டமாகப் புரட்டிவிட்டுக் கேட்பார்: "பெஹன்ஜி, ஜமீன் கா காகஸ்?" நிலத்துக்கான காகிதம் எங்கே?

அந்தக் காகிதம் இருந்தால் பேச்சு மேலே போகும். இல்லாவிட்டால் உறை மூடப்படும்.

பேச்சு பிரதமர் ஆவாஸ் யோஜனாவின் நகரப் பிரிவைப் பற்றியது. 2015 ஜூன் 25 அன்று தொடங்கப்பட்டபோது அதற்குக் கொடுக்கப்பட்ட முழக்கம் 'எல்லோருக்கும் வீடு'. 2022க்குள் முடிந்துவிடும் என்றார்கள். முடியவில்லை, காலக்கெடு நீட்டிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் மத்திய அரசு தந்த கணக்குப்படி 1.18 கோடி வீடுகளுக்கு அனுமதி வழங்கப்பட்டு, 85.5 லட்சம் வீடுகள் கட்டி ஒப்படைக்கப்பட்டிருந்தன. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று திட்டத்தின் இரண்டாம் பதிப்பு ஆரம்பமானது. ஐந்து ஆண்டுகளில் இன்னும் ஒரு கோடி நகரக் குடும்பங்களுக்கு உதவுவது அதன் இலக்கு.

சின்னச் சாதனை அல்ல இது. முந்தைய அரசுகளின் வீட்டுத் திட்டங்களோடு ஒப்பிட்டால் எண்ணிக்கையில் எங்கோ மேலே நிற்கிறது. ஆனால் இந்த 1.18 கோடியில் பாதிக்கும் மேற்பட்டவை, ஏற்கெனவே சொந்த மனை வைத்திருந்தவர்கள் அதே மனையில் கட்டிக்கொண்ட வீடுகள். சிறு நகரங்களில் திட்டம் என்றாலே பெரும்பாலும் இதுதான். மனை இல்லாத ஏழை என்ன செய்வது என்பதற்குத் திட்டத்தில் தெளிவான பதில் கிடையாது.

நான்கு கதவுகள்

2015ல் திட்டம் நான்கு கதவுகளோடு வந்தது. குடிசைப் பகுதியை அதே இடத்தில் இடித்துக் கட்டித் தருவது ஒன்று. வீட்டுக் கடனுக்கு வட்டி மானியம் இன்னொன்று. அரசு அமைப்புகளோ தனியாரோ கட்டும் அடுக்குமாடி வீடுகளில் மானிய விலையில் ஒரு வீடு என்பது மூன்றாவது. நான்காவது, சொந்த நிலத்தில் பயனாளியே கட்டிக்கொள்ள உதவித்தொகை.

காகிதத்தில் நான்கு கதவுகள். சிறு நகரத்துக் கூலித் தொழிலாளிக்குத் திறந்தது நான்காவது மட்டும்தான். அதற்குக் காரணம் இருக்கிறது. குடிசைப் பகுதியை இடித்துக் கட்டும் ஏற்பாடு நிலத்தின் விலையை நம்பியது. நிலத்தின் ஒரு பகுதியில் ஏழைகளுக்கு இலவச வீடு, மீதியில் விற்பனைக்கு மாடிக் கட்டடம், அந்த லாபத்தில் கட்டுமான நிறுவனத்துக்குச் செலவு ஈடாகிவிடும் என்பது கணக்கு. மும்பையிலும் அகமதாபாத்திலும் இந்தக் கணக்கு பலிக்கலாம். நிலம் மலிவாகக் கிடைக்கும் தாலுகா தலைநகரில் எந்த நிறுவனம் இதற்காக வந்து நிற்கும்? நாடு முழுவதும் இந்தப் பிரிவில் அனுமதிக்கப்பட்ட வீடுகள் சில லட்சங்களைத் தாண்டவில்லை. இரண்டாம் பதிப்பில் இந்தக் கதவையே எடுத்துவிட்டார்கள். சொந்த நிலமில்லாத குடிசைவாசியை நேரடியாக நினைத்துப் போடப்பட்ட கதவு அது ஒன்றுதான்.

அடுக்குமாடிப் பிரிவுக்கும் சிறு நகரத்துக்கும் ஒத்துவரவில்லை. முதல் பதிப்பின் விதிப்படி ஒரு திட்டத்தில் குறைந்தது 250 வீடுகள் வேண்டும் (மாநிலம் கேட்டால் குறைக்கலாம்). அத்தனை வீடுகளுக்கு இடம் தேடும்போது ஊருக்கு வெளியே போக வேண்டியதாகிறது. அதன் விளைவு என்ன என்பது இதற்கு முன்பே தெரிந்த கதை. 2005ல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறச் சீரமைப்புத் திட்டத்தில் கட்டிய வீடுகள் பல ஊர்களில் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தன. 2020ல் கொரோனாவுக்குப் பயந்து புலம்பெயர் தொழிலாளர்கள் நடந்தே ஊர் திரும்பிய பிறகு, அந்தக் காலி வீடுகளை வாடகைக்கு விட மத்திய அரசு தனியாக ஒரு திட்டமே போட வேண்டியிருந்தது. வேலைக்குப் போக தினம் நாற்பது ரூபாய் ஆட்டோவுக்கு அழ வேண்டிய இடத்தில் இலவச வீடுகூட விலை அதிகம்தான்.

வட்டி மானியம் வேறு வர்க்கத்தின் விஷயம். இரண்டாம் பதிப்பில் ஆண்டுக்கு ரூ. 9 லட்சம் வரை சம்பாதிக்கும் குடும்பம், ரூ. 35 லட்சத்துக்கு மேற்படாத வீட்டுக்கு ரூ. 25 லட்சம் வரை கடன் வாங்கினால், கடனின் முதல் எட்டு லட்சத்துக்கு நான்கு சதவீத வட்டி மானியம் கிடைக்கும். ஐந்து ஆண்டுத் தவணைகளில் அதிகபட்சம் ரூ. 1.80 லட்சம். மாதச் சம்பளச் சீட்டு வைத்திருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் வங்கி எழுத்தருக்கும் இது உதவும். தள்ளுவண்டிக்காரருக்கு வங்கி முதலில் கடன் தர வேண்டுமே!

ஆக, மிஞ்சுவது சொந்த நிலத்தில் கட்டும் பிரிவு. அதற்கு விண்ணப்பிப்பவரின் குடும்ப வருமானம் ஆண்டுக்கு ரூ. 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நாட்டில் எங்கேயும் அந்தக் குடும்பத்துக்குக் கான்கிரீட் வீடு இருக்கக்கூடாது. கடந்த 20 ஆண்டுகளில் மத்திய, மாநில, உள்ளாட்சி அரசுகளின் எந்த வீட்டுத் திட்டத்திலும் பயன்பெற்றிருக்கக்கூடாது. பெரும்பாலான மாநிலங்களில் மத்திய அரசு ரூ. 1.5 லட்சம் தருகிறது, மாநில அரசு குறைந்தது ஒரு லட்சம் சேர்க்க வேண்டும். வடகிழக்கு மாநிலங்களிலும் இமாசலம், உத்தராகண்ட் போன்ற மலை மாநிலங்களிலும் மத்திய அரசின் பங்கு ரூ. 2.25 லட்சம். வீடு 30 முதல் 45 சதுர மீட்டர் வரை இருக்கலாம். இரண்டு அறை, ஒரு சமையலறை, கழிப்பறையுடன் குளியலறை. வீடு குடும்பத் தலைவியின் பெயரிலோ, கணவன்-மனைவி இருவர் பெயரிலோ இருக்க வேண்டும்.

எந்த அலுவலகம்?

விண்ணப்பிக்கக் கிளம்பும் முன் தீர்த்துக்கொள்ள வேண்டிய சந்தேகம் ஒன்று உண்டு. குடியிருக்கும் இடம் ஊரா, நகரமா? வேடிக்கையான கேள்வியாகத் தோன்றும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் 7,935 நகரங்களைக் கண்டது. அதில் நகராட்சியோ பேரூராட்சியோ உள்ளவை 4,041. மீதி 3,894 இடங்கள் மக்கள்தொகையிலும் தொழிலிலும் நகரங்கள்தான், ஆனால் நிர்வாகம் கிராமப் பஞ்சாயத்திடம். மேற்கு வங்கத்திலும் கேரளத்திலும் இப்படிப்பட்ட 'கணக்கெடுப்பு நகரங்கள்' ஏராளம். கடைத்தெருவும் பஸ் ஸ்டாண்டும் சினிமா கொட்டகையும் இருந்தாலும், அங்கே வசிப்பவர் வீட்டு வசதியைப் பொறுத்தவரை கிராமவாசி. அவர் போக வேண்டியது கிராமப் பிரிவுக்கு. அங்கே உதவித்தொகை சமவெளியில் ரூ. 1.20 லட்சம், மலைப் பகுதியில் ரூ. 1.30 லட்சம் என்று 2016ல் நிர்ணயிக்கப்பட்டது.

தொகை குறைவு என்றாலும் கிராமப் பிரிவில் ஒரு விதி உண்டு. பட்டியலில் இருக்கும் பயனாளிக்கு நிலம் இல்லையென்றால் நிலம் ஏற்பாடு செய்து தருவது மாநில அரசின் பொறுப்பு. நகரப் பிரிவின் இரண்டாம் பதிப்போ, நிலமற்றவர்களுக்கு மாநிலங்கள் நில உரிமை 'வழங்கலாம்' என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. வழங்க வேண்டும் என்பதற்கும் வழங்கலாம் என்பதற்கும் நடுவில்தான் சிறு நகரத்துக் குடிசைவாசி சிக்கிக்கொண்டிருக்கிறார். அவர் இருந்த கிராமத்தை அண்டை நகராட்சியோடு இணைத்தால் ஒரே உத்தரவில் அவர் ஒரு விதியிலிருந்து மற்றதற்கு மாறிவிடுவார்.

நகரம்தான் என்று தீர்ந்த பிறகு விண்ணப்பிக்க மூன்று வழி. ஒருங்கிணைந்த இணையதளத்தில் நேரடியாக, பொதுச் சேவை மையத்தில், அல்லது நகராட்சி அலுவலகத்தில். 2016ல் பொதுச் சேவை மையங்களுக்கு இந்த வேலை கொடுக்கப்பட்டபோது கட்டணம் 25 ரூபாயும் வரியும் என்று நிர்ணயித்தார்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் அவ்வளவுதான் பெறும். 'நான் முடித்துத் தருகிறேன்' என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் தரகருக்கு எந்த விதியிலும் இடமில்லை. இருந்தாலும் அலுவலக வாசல் டீக்கடையில் அவருக்கு நிரந்தர இடம் உண்டு.

ஆதார் எண்ணைப் போட்டதும் செல்போனுக்கு ரகசிய எண் வரும். ஆதாரோடு இணைத்த பழைய சிம் கார்டு தொலைந்திருந்தால் அங்கேயே நின்றுவிடும். வங்கிக் கணக்கும் ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். ஆதாரில் ஒரு எழுத்து, பாஸ் புத்தகத்தில் இன்னொரு எழுத்து என்றால் திருத்த இன்னொரு வரிசை.

இதற்குப் பிறகு நடப்பது பலருக்குத் தெரியாது. விண்ணப்பித்தவரின் பெயர் தனியாக டில்லிக்குப் போவதில்லை. நகராட்சி, தகுதி பார்த்த பெயர்களைத் தொகுத்து ஒரு விரிவான திட்ட அறிக்கை தயாரிக்கும். அது மாநில அளவிலான குழுவுக்குப் போய், பிறகு டில்லியில் உள்ள மத்திய அனுமதி மற்றும் கண்காணிப்புக் குழுவின் கூட்டத்துக்கு வரும். அந்தக் கூட்டம் கையெழுத்துப் போட்டால்தான் பெயருக்கு உயிர் வரும். அதனால் விண்ணப்பித்துவிட்டு ஒரு வருஷமாகப் பதில் இல்லை என்று அலைபவர் கேட்க வேண்டிய சரியான கேள்வி, 'என் மனு என்ன ஆயிற்று?' என்பதல்ல. 'எந்தத் தொகுப்பு அறிக்கையில் என் பெயர் இருக்கிறது, அந்த அறிக்கை இப்போது யாரிடம் இருக்கிறது?' என்று கேட்டால் எழுத்தர் நிமிர்ந்து பார்ப்பார்.

இறந்தவர் பெயரில் மனை

நிலக் காகிதம் என்று சொல்வது எளிது. ஊருக்கு ஊர் அதன் அர்த்தம் மாறுகிறது. தமிழ்நாட்டில் பட்டா என்றால் நிலம் இன்னாருடையது என்று வருவாய்த்துறை ஒப்புக்கொள்ளும் ஆவணம். மத்தியப் பிரதேசத்துக்குப் போன தமிழர் அங்கே ஒருவர் 'பட்டா இருக்கிறது' என்று சொல்வதைக் கேட்டு நிலம் அவருடையது என்று முடிவு கட்டிவிடக்கூடாது. இந்தியில் பட்டா என்றால் குத்தகை.

சிறு நகரங்களில் அடிக்கடி வரும் சிக்கல் வாரிசுரிமை. தாத்தா வாங்கிய மனை, அப்பாவின் பெயருக்கே மாறவில்லை, அப்பாவும் போய்விட்டார். மூன்று சகோதரர்கள் ஆளுக்கு ஒரு அறையில் குடும்பம் நடத்துகிறார்கள். திட்டத்தின் கண்ணில் குடும்பம் என்பது கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள். ஆகவே மூன்று பேரும் தனித்தனிக் குடும்பங்கள், மூன்று பேருக்கும் தகுதி உண்டு. ஆனால் யாருக்கும் தன் பெயரில் ஒரு அடி நிலம் கிடையாது. வாரிசுச் சான்றிதழ் எடுத்து, பாகம் பிரித்து, பதிவு செய்து, பெயர் மாற்றி வர வேண்டும். பம்பாயில் வேலை பார்க்கும் தம்பி கையெழுத்துப் போட வரவில்லை என்றால் அண்ணன் வீடும் இல்லை. போதாததற்கு வீடு மனைவி பெயரில் வேண்டும் என்கிறது திட்டம். மாமனார் பெயரில் இருக்கும் மனையில் மருமகள் பெயரில் வீடு என்றால் மைத்துனர்கள் என்ன சொல்வார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை. சில மாநிலங்கள் மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையில்லாக் கடிதத்தை ஏற்றுக்கொண்டு இதைச் சமாளிக்கின்றன.

இந்த நெரிசல்தான் நாட்டின் வீட்டுப் பற்றாக்குறையின் பெரும் பகுதி. பொருளாதார நிபுணர் அமிதாப் குண்டு தலைமையிலான குழு 2012ல் நகர்ப்புறங்களில் 1.878 கோடி வீடுகள் பற்றாக்குறை என்று கணக்கிட்டது. அதில் தெருவில் படுப்பவர்கள் மிகச் சிறு பங்கு. ஏறக்குறைய ஒன்றரைக் கோடி, ஒரே வீட்டில் அடைந்து கிடக்கும் குடும்பங்களின் கணக்கு. பற்றாக்குறையில் 95 சதவீதத்துக்கும் மேல் ஏழைகளையும் குறைந்த வருமானக்காரர்களையும் சேர்ந்தது.

வாரிசுச் சிக்கலாவது அலைந்தால் தீரும். ரயில் பாதை ஓரத்திலும் ஏரிக்கரையிலும் அரசுப் புறம்போக்கிலும் இரண்டு மூன்று தலைமுறையாக இருப்பவர்களுக்கு அலைந்தும் பயனில்லை. மின்சார ரசீது இருக்கும், வாக்காளர் அட்டை இருக்கும். சில ஊர்களில் நகராட்சிக்கு வரி கட்டிய ரசீதுகூட இருக்கும். இவை எல்லாம் அங்கே குடியிருப்பதற்குச் சாட்சி, நிலம் அவர்களுடையது என்பதற்கு அல்ல.

இதற்கு மருந்து அரசுகளுக்குத் தெரியாததல்ல. மத்தியப் பிரதேசத்தில் அர்ஜுன் சிங் முதல்வராக இருந்தபோது, 1984லேயே, நகரங்களில் அரசு நிலத்தில் குடியிருக்கும் நிலமற்றவர்களுக்குக் குத்தகை உரிமை தரச் சட்டம் கொண்டுவரப்பட்டது. ஆனால் அதை வீட்டுத் திட்டத்தோடு கோத்து, சிறு நகரங்களிலிருந்தே ஆரம்பித்த மாநிலம் ஒடிசா.

கோபால்பூர் பாடம்

கஞ்சம் மாவட்டத்தில் வங்கக் கடலோரம் இருக்கும் கோபால்பூர் ஒரு சின்ன ஊர். ஒரு காலத்தில் துறைமுகம், இப்போது கடற்கரை விடுதிகள். விடுதிகளுக்கு அப்பால் தெலுங்கு பேசும் மீனவர்களின் குடியிருப்புகள். 2013 அக்டோபர் 12 அன்று ஃபைலின் புயல் கரை கடந்தது இந்த ஊரை ஒட்டித்தான். இப்படிப்பட்ட ஊரில் கூரை பறந்தால் திரும்பப் போடலாம். கான்கிரீட் சுவர் எழுப்பலாமா? நாளைக்கே வந்து காலி செய்யச் சொன்னால்? தன்னுடையதில்லாத நிலத்தில் யாரும் சேமிப்பைக் கொட்ட மாட்டார்கள். குடிசைகள் குடிசைகளாகவே நீடிப்பதற்கு வறுமை மட்டும் காரணம் என்று நினைப்பவர்கள் இந்த அச்சத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

நவீன் பட்நாயக் அரசு 2017ல் குடிசைவாசிகளுக்கு நில உரிமை வழங்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. வழக்கமாக இப்படிப்பட்ட சட்டங்கள் தலைநகரை மனதில் வைத்து எழுதப்படும். இது நேர் எதிர். மாநகராட்சிகளை விட்டுவிட்டு, நகராட்சிகளுக்கும் அங்கே 'அறிவிக்கப்பட்ட பகுதி மன்றம்' என்று அழைக்கப்படும் பேரூர்களுக்கும் மட்டுமே பொருந்தும்படி எழுதப்பட்டது. மாநகராட்சிகளுக்குத் தனி ஏற்பாடு. சிறு ஊரில் நிலத்துக்குப் போட்டி குறைவு, எதிர்ப்பும் குறைவு என்று அதிகாரிகள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அந்தக் கணக்கு தப்பவில்லை.

அளந்த முறைதான் புதுமை. 'ஜகா மிஷன்' என்று பெயரிட்டு, டாட்டா டிரஸ்ட்ஸ் அமைப்பின் உதவியோடு குடிசைப் பகுதிகளுக்கு மேல் டிரோன்களைப் பறக்கவிட்டார்கள். மேலிருந்து எடுத்த படத்தில் ஒவ்வொரு கூரையும் தெரியும். பிறகு வீடு வீடாகப் போய், எந்தக் கூரைக்குக் கீழே யார், எத்தனை காலமாக என்று எழுதினார்கள். பகுதிக்கு ஒரு குடிசைவாசிகள் சங்கம் அமைத்து, பட்டியலை அவர்கள் முன்னிலையில் சரிபார்த்தார்கள். யார் உண்மையில் இங்கே இருக்கிறார், யார் நேற்று வந்து பெயர் சேர்த்தார் என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாதா? இறுதி முடிவு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம்.

2018 மே மாதத்தில் கஞ்சம், புரி மாவட்டங்களில் முதல் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. கணவன்-மனைவி இருவர் பெயரும் அதில் உண்டு. ஏழைக் குடும்பங்களுக்கு 30 சதுர மீட்டர் வரை இலவசம். பிள்ளைகளுக்குப் போகும், வீட்டுக் கடனுக்கு அடமானம் வைக்கலாம், விற்க முடியாது. விற்க முடியாத நிலம் என்ன நிலம் என்று கேட்பவர்கள் உண்டு. பட்டா கொடுத்த மறுமாதமே வட்டிக்காரர் கைக்கு மனை போய்ச் சேர்ந்த கதைகளைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

சான்றிதழ் கைக்கு வந்ததும், நகராட்சி மேஜையில் கேட்ட அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதை வைத்தே ஆவாஸ் யோஜனாவின் நான்காவது கதவில் நுழையலாம். மத்திய அரசின் விதி ஒன்றும் மாறவில்லை, மாநில அரசு சாவியைச் செய்து கொடுத்தது. ஏறத்தாழ 2,900 குடிசைப் பகுதிகளை ஒடிசா இந்தத் திட்டத்துக்குள் கொண்டுவந்தது. பிரிட்டனின் வேர்ல்ட் ஹேபிடாட் அமைப்பு ஐ.நா. ஹேபிடாட்டோடு சேர்ந்து வழங்கும் உலக விருதும் கிடைத்தது.

எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. ரயில்வே போன்ற மத்திய அரசுத் துறைகளின் நிலத்தில் இருப்பவர்களுக்கு மாநில அரசு எழுதிக் கொடுக்க முடியாது. வன நிலமும் அப்படித்தான். நீர்வழியில் இருப்பவர்களை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். வாடகைக்கு இருப்பவர் இந்தப் பட்டியலிலேயே வருவதில்லை. ஒரே தெருவில் இந்தப் பக்கம் சுவர் எழும்பும், அந்தப் பக்கம் ரயில்வே கல்லுக்கு அப்பால் தார்ப்பாய் ஆடிக்கொண்டிருக்கும்.

கூரை வரை கடன்

காகிதம் கிடைத்து, பெயர் அனுமதியாகி வந்த பிறகுதான் பணக் கணக்கு தெரிய ஆரம்பிக்கும். 30 சதுர மீட்டர் என்றால் 323 சதுர அடி. சதுர அடிக்கு 1,500 ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் ரூ. 4.85 லட்சம் ஆகிறது. உதவி இரண்டரை லட்சம் என்றால் மீதி ஏறக்குறைய அதே அளவு கையிலிருந்து.

அந்த இரண்டரை லட்சமும் ஒரே நாளில் வராது. அஸ்திவாரம், கூரை என்று கட்டம் கட்டமாகத் தவணை. ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுக்க வேண்டும். இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையோடு அந்தப் படம் இஸ்ரோவின் 'புவன்' வரைபடத்தில் ஏறும். ஒரே வீட்டைக் காட்டி இரண்டு பேர் பணம் வாங்கும் பழைய வித்தைக்கு இது நல்ல பூட்டு. ஆனால் படம் எடுக்கும் ஆள் வர வேண்டும், மாநிலத்திடம் பணம் இருக்க வேண்டும். மத்திய அரசும் மாநிலத்துக்குத் தன் பங்கை 40, 40, 20 சதவீதம் என்று மூன்று தவணையில்தான் தருகிறது. ஊரில் முந்தைய வீடுகள் முன்னேறாவிட்டால் அடுத்த தவணை தாமதப்படும்.

அதற்குள் பயனாளியின் நிலைமை என்ன? பழைய குடிசை நின்ற இடத்திலேயே புது வீடு என்பதால் குடிசையை இடித்தாயிற்று. குடும்பம் வாடகை அறையிலோ உறவினர் வீட்டுத் திண்ணையிலோ. அஸ்திவாரம் போட முதலில் கைப்பணம் போக வேண்டும், படம் அதற்குப் பிறகுதான். மழைக்கு முன் கூரை போடவில்லை என்றால் அடுத்த தவணைக்குள் சிமென்ட் விலையும் கொத்தனார் கூலியும் ஏறியிருக்கும். சுவர் வரை வந்து கூரைக்குக் காத்திருக்கும் வீடுகளை எந்தச் சிறு நகரத்திலும் பார்க்கலாம். நகைக்கடனும் மகளிர் குழுக் கடனும் தீர்ந்த பிறகு நுண்கடன் நிறுவனத்தின் வாரத் தவணைக்காரர் வருவார்.

இதில் அனுபவப்பட்டவர்கள் செய்யும் காரியம் ஒன்று உண்டு. அனுமதிக் கடிதம் வந்த அன்றே குடிசையை இடிப்பதில்லை. அக்கம்பக்கத்தில் நாலைந்து பயனாளிகள் சேர்ந்து செங்கல்லும் மணலும் ஒரே லோடாக எடுக்கிறார்கள். மனையில் இடம் இருந்தால் பழைய கூரையின் ஒரு பகுதியை விட்டுவைத்துப் பின்பக்கம் அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். நகராட்சிப் பொறியாளரிடம் வரைபடத்தைக் காட்டி, பரப்பளவு 30 சதுர மீட்டரை விடக் குறையாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். குறைந்தால் கடைசித் தவணை சிக்கும்.

வரைபடம் வருகிறது

நிலக் காகிதப் பிரச்சினைக்கு டில்லி இப்போது வேறு வழியில் வருகிறது. 2025 பிப்ரவரி 18 அன்று மத்தியப் பிரதேசத்தின் ராய்சேன் நகரில் 'நக்ஷா' என்ற நில அளவைத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. 26 மாநிலங்களிலும் மூன்று யூனியன் பிரதேசங்களிலுமாக 152 நகரங்களை விமானத்திலிருந்தும் டிரோன்களிலிருந்தும் படம் பிடித்து, மனை மனையாக ஆவணம் தயாரிப்பது முதல் கட்டம். கிராமங்களில் 2020ல் தொடங்கிய 'ஸ்வாமித்வா' திட்டத்தின் நகரத் தம்பி என்று சொல்லலாம். தாத்தா பெயரில் கிடக்கும் மனைகளுக்கும், இணைக்கப்பட்ட கிராமங்களின் ஆவணமில்லாத குடியிருப்புகளுக்கும் இதனால் விடிவு பிறக்க வாய்ப்புண்டு.

புறம்போக்கில் இருப்பவர் விஷயம் வேறு. டிரோன் அவருடைய கூரையையும் படம் பிடிக்கும், அளவும் சென்டிமீட்டர் துல்லியத்தில் வரும். அந்த மனைக்கு நேரே உரிமையாளர் பத்தியில் அவர் பெயரை எழுதுவதா, அரசு நிலம் என்று எழுதி ஆக்கிரமிப்பு என்று குறிப்பதா என்பதை எந்தக் கேமராவும் சொல்லாது. நிலம் மாநில அரசின் அதிகாரப் பட்டியலில் இருக்கிறது. ஒடிசாவைப் போல ஒரு சட்டம் இல்லாத மாநிலத்தில் அளவையாளர் எழுதப் போவது இரண்டாவதைத்தான்.